களுதாவளை மாணவனும் கணித விநோதங்களும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனை நோக்கித் தெற்கே செல்லும் பெருந்தெருவிலே, கிழக்கே கடலும் மேற்கே வாவியும் காவல் நிற்க, இடையே நீண்டு கிடக்கும் மணற்பாங்கான நிலத்தில் அமைந்த ஊர்களுள் ஒன்று களுதாவளை. மண்முனை தென் எருவில் பற்றைச் சேர்ந்த இவ்வூர் பிள்ளையார் ஆலயத்தாலும் வெற்றிலைத் தோட்டங்களாலும் பெயர்பெற்றது. வாவியின் கிழக்குப் புறத்தை எழுவான்கரை என்றும், ஞாயிறு சாயும் மேற்குப் புறத்தைப் படுவான்கரை என்றும் இப்பகுதி மக்கள் வழங்குவர். வானத்தைப் பார்த்தே நிலத்துக்குப் பெயரிட்ட மக்கள் இவர்கள். இத்தகைய ஊரிலே வளரும் ஒரு மாணவனுக்குக் கணிதம் பாடநூலில் மட்டுமா இருக்கிறது? பாடசாலைக்குப் போகும் வழியெல்லாம் அவனுக்கு வினாக்கள் காத்திருக்கின்றன.

முதல் வினா தோட்டத்திலேயே எழுகின்றது. வெற்றிலைக் கொடி படர்வதற்குக் கம்பு நட வேண்டும். பத்து மீற்றர் நீளமான வரிசையிலே, ஒரு மீற்றருக்கு ஒன்றாக, இரு முனைகளிலும் கம்பு இருக்கும்படி நட்டால் எத்தனை கம்புகள் தேவை? பத்து என்று சட்டென விடை வரும். ஆனால் நட்டுப் பார்ப்பவன் ஒரு கம்பு குறைவதைக் காண்பான். இடைவெளிகள் பத்து, கம்புகளோ பதினொன்று. அதே பத்து மீற்றரை ஒரு வட்டமாக வளைத்து நட்டால் பத்துக் கம்புகளே போதும். முதற் கம்பே இறுதிக் கம்புமாகிவிடுகிறது. எண்ண வேண்டியது பொருளையா, பொருள்களுக்கு இடையே உள்ள வெளியையா என்று முதலில் தெளிய வேண்டும் என்பதை இச்சிறு கணக்கு உணர்த்துகின்றது. நாட்களை எண்ணுவதிலும் வயதைக் கணிப்பதிலும் பலர் இடறுவது இந்த ஓர் இடத்திலேதான்.

இனி, அத்தோட்டத்தைச் சுற்றி வேலி அடைக்க வேண்டும். நாற்பது மீற்றர் வேலிக்குப் போதிய கிடுகு மட்டுமே கையிலிருக்கிறது என்று கொள்வோம். பதினைந்து மீற்றர் நீளமும் ஐந்து மீற்றர் அகலமுமாக வளைத்தால் உள்ளே கிடைப்பது 75 சதுர மீற்றர். பத்துக்குப் பத்து என்று சதுரமாக வளைத்தால் 100 சதுர மீற்றர். பத்தொன்பதுக்கு ஒன்று என ஒடுக்கி வளைத்தாலோ 19 சதுர மீற்றரே எஞ்சும். வேலியின் செலவு ஒன்றுதான். விளைநிலம் மட்டும் ஐந்து மடங்குக்கு மேல் வேறுபடுகின்றது. இதன் காரணம் எளியது. ஒரு பக்கத்தைப் பத்திலிருந்து எவ்வளவு கூட்டுகிறோமோ அவ்வளவை மறு பக்கத்தில் குறைக்க வேண்டியிருக்கிறது. அவ்விரண்டையும் பெருக்கினால், கூட்டிக் குறைத்த அளவின் வர்க்கம் நூறிலிருந்து கழிந்துவிடும். ஐந்து கூட்டி ஐந்து குறைத்தால் இருபத்தைந்து நட்டம். ஒன்பது கூட்டி ஒன்பது குறைத்தால் எண்பத்தொன்று நட்டம்.

அப்படியாயின் சதுரமே என்றும் சிறந்ததோ? ஒரு பக்கத்தில் அயலவரின் மதில் ஏற்கெனவே இருந்தால் கதை மாறிவிடும். அப்பொழுது மூன்று பக்கங்களுக்கு மட்டுமே வேலி தேவை. மதிலோடு ஒட்டி இருபது மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமுமாக அடைத்தால் 200 சதுர மீற்றர் கிடைக்கும். சதுரமாக அடைத்தால் அதனிலும் குறைவே. விதி எந்த நிலைமையில் பிறந்தது என்று அறியாமல் விதியை மட்டும் மனனம் செய்தவன் இங்கே ஏமாந்து போவான்.

விதிகளைச் சோதித்தறிய வேண்டும் என்பதற்குப் பழந்தமிழ்க் கணித நூல் ஒன்றே நல்ல சான்று தருகின்றது. காரி நாயனார் இயற்றிய கணக்கதிகாரம் என்னும் நூல், பலாப்பழத்தை வெட்டாமலே அதனுள் இருக்கும் சுளைகளைக் கணிக்க ஒரு வழி கூறுகிறது. காம்பைச் சூழ்ந்துள்ள சிறு முட்களை எண்ணி, அத்தொகையை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டுமாம். நூறு முட்கள் இருந்தால் சுளைகள் நூற்றிருபது. கேட்பதற்கு மிகச் சுவையான கணக்கு இது. எனினும், பலாப்பழம் ஒரு பூவிலிருந்து உண்டாவதன்று. நெருங்கித் திரண்ட பல பூக்களின் தொகுதியே ஒரு பழமாகிறது. கருவுற்ற பூக்கள் சுளைகளாகின்றன. ஏனையவை சுளைகளுக்கு இடையே சடையாக நின்றுவிடுகின்றன. எத்தனை பூக்கள் கருவுறும் என்பது பழத்துக்குப் பழம் வேறுபடும். ஆகவே எல்லாப் பழத்துக்கும் பொருந்தும் ஒரே விதி இருத்தல் அரிது. மாணவன் செய்யத்தக்கது யாது? முன்னோரை எள்ளுவதுமன்று, கண்ணை மூடி நம்புவதுமன்று. பத்துப் பழங்களை எடுத்து, முட்களை எண்ணிக் குறித்து, பின்பு வெட்டிச் சுளைகளை எண்ணி ஒப்பிடுவதே. சோதனை முடிந்தபின் சுளைகளுக்கும் நல்ல பயன் உண்டு.

மாலையிலே கடற்கரைக்குச் சென்றால் அங்கும் ஒரு வினா. கடலும் வானும் தொடும் அக்கோடு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? முடிவில்லாத தூரம் என்று தோன்றும். ஆனால் பூமி உருண்டையாதலின் பார்வைக்கு எல்லை உண்டு. கண்ணின் உயரத்தை மீற்றரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை ஏறக்குறைய மூன்றரையால் பெருக்கினால் அத்தூரம் கிலோமீற்றரில் கிடைக்கும். கண்மட்டம் ஒன்றரை மீற்றர் உயரத்திலிருக்கும் ஒரு சிறுவனுக்கு அடிவானம் ஏறத்தாழ நாலேகால் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது. அவ்வளவே! களுதாவளையிலிருந்து அயலூருக்கு நடந்து போகும் தூரம் போன்றது அது. அவன் தென்னையில் ஏறி, கண்மட்டம் ஆறு மீற்றராக நின்று பார்த்தால் எவ்வளவு தூரம் தெரியும்? உயரம் நான்கு மடங்காயிற்று; தூரமோ இரு மடங்கே ஆகும். மும்மடங்கு தூரம் காண விரும்பினால் ஒன்பது மடங்கு உயரம் ஏற வேண்டும். கரைக்குத் திரும்பும் வள்ளத்தின் பாய் முதலிலும் அதன் உடல் பின்னரும் தெரிவது இதனால்தான்.

மேற்கே வாவிப் புறம் சென்றால் மற்றொரு பழங்கணக்கு நினைவுக்கு வரும். எழுவான்கரையின் குருமண்வெளிக்கும் படுவான்கரையின் மண்டூருக்கும் இடையே நெடுங்காலம் துறைப் போக்குவரத்து நடந்து வந்தது. அத்தகைய துறையிலே ஒருவன் ஒரு புலி, ஓர் ஆடு, ஒரு புல்லுக்கட்டு ஆகிய மூன்றுடனும் வந்து நிற்கின்றான். தோணியில் அவனோடு ஒன்றை மட்டுமே ஏற்றலாம். அவன் அருகில் இல்லாவிட்டால் புலி ஆட்டைத் தின்னும். ஆடு புல்லைத் தின்னும். மூன்றையும் எவ்வாறு அக்கரை சேர்ப்பது? தமிழ்ப் பாட்டிமார் சொல்லும் இக்கணக்கின் உறவினர் உலகமெங்கும் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்குயின் என்னும் ஐரோப்பிய அறிஞர் பெயரால் வழங்கும் தொகுப்பொன்றில் ஓநாய், ஆடு, கோவா என்ற வடிவில் இது காணப்படுகிறது.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்றே. முதலில் ஆட்டைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவன் வெறுந்தோணியோடு திரும்புகிறான். அடுத்துப் புலியைக் கொண்டு செல்கிறான். அதனை அங்கே ஆட்டோடு விட முடியாது. அப்பொழுது அவன் ஆட்டை மீண்டும் இக்கரைக்கே கொண்டுவர வேண்டும். பிறகு ஆட்டை இங்கே இறக்கிப் புல்லுக்கட்டை அக்கரை சேர்த்து, வெறுந்தோணியோடு வந்து, கடைசியாக ஆட்டை அழைத்துச் செல்லலாம். ஆக, ஏழு பயணங்கள். கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருவது நட்டம் என்று மனம் மறுப்பதனாலேயே விடை ஒளிந்துகொள்கிறது. முன்னேறுவதற்காக ஓரடி பின்வாங்குதலும் வழியின் ஒரு பகுதியே என்பதை இக்கணக்குப் போல எளிதாக உணர்த்துவது வேறில்லை.

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் உளர். அவர்கள் 1914ஆம் ஆண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலே, ஒரு சிறு சமையலடுப்பின் அருகே நிகழ்ந்ததை அறிதல் நன்று. அங்கே கும்பகோணத்தில் வளர்ந்த இராமானுசன் தமக்கு வேண்டிய மரக்கறியை வதக்கிக்கொண்டிருந்தார். அவரைக் காண வந்தவர் மகலனோபிஸ் என்னும் வங்காள மாணவர். பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவியவர் இவரே. அவர் ஸ்திராண்ட் என்னும் சஞ்சிகையின் டிசம்பர் இதழில் வந்த ஒரு புதிரைப் படித்துக் காட்டினார். நீண்ட தெரு ஒன்றின் ஒரு புறத்தில் வீடுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கமிடப்பட்டுள்ளன. ஒருவர் வசிக்கும் வீட்டுக்கு இப்பாலுள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் அப்பாலுள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அவர் வீட்டு இலக்கம் யாது?

சிறு தெருவில் இதைப் பரிசோதிக்கலாம். எட்டு வீடுகள் இருந்தால் விடை ஆறு. ஒன்றிலிருந்து ஐந்து வரை கூட்டினால் பதினைந்து. ஏழும் எட்டும் சேர்ந்தாலும் பதினைந்து. மகலனோபிஸ் முயன்று சில நிமிடங்களில் ஒரு விடையைக் கண்டிருந்தார். இராமானுசனோ அகப்பையைக் கையில் வைத்தபடியே, எழுதிக்கொள்ளுமாறு கூறி, ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். அது அந்த ஒரு தெருவுக்கு மட்டுமன்றி, இத்தகைய எல்லாத் தெருக்களுக்கும் விடை தந்தது.

அதன் சாரத்தை ஒரு பாடசாலை மாணவனும் செய்து பார்க்கலாம். மூன்றின் கீழ் இரண்டு என்ற பின்னத்தில் தொடங்குக. மேலெண்ணை மூன்றாலும் கீழெண்ணை நான்காலும் பெருக்கிக் கூட்டினால் அடுத்த மேலெண் வரும். மேலெண்ணை இரண்டாலும் கீழெண்ணை மூன்றாலும் பெருக்கிக் கூட்டினால் அடுத்த கீழெண் வரும். இவ்வாறு 3/2, 17/12, 99/70, 577/408 என்று வரிசை செல்லும். மேலெண்ணில் ஒன்று கழித்துப் பாதியாக்கினால் தெருவிலுள்ள வீடுகளின் தொகை. கீழெண்ணைப் பாதியாக்கினால் நண்பரின் வீடு. 17/12 தருவது எட்டு வீடுகளில் ஆறாவது. 99/70 தருவது நாற்பத்தொன்பதில் முப்பத்தைந்தாவது. 577/408 தருவது 288 வீடுகளில் 204ஆவது. புதிர் கேட்ட விடை இதுவே. இப்பின்னங்கள் யாவும் இரண்டின் வர்க்கமூலத்தை மேன்மேலும் நெருங்கிச் செல்கின்றன என்பது இதனிலும் பெரிய வியப்பு. தெருவிலக்கத்துக்கும் சதுரத்தின் மூலைவிட்டத்துக்கும் உறவு உண்டென்று யார் எண்ணியிருப்பார்?

அவ்வளவு தூரம் செல்லாமலே, களுதாவளைக்குத் தெற்கே அதே கரையிலுள்ள காரைதீவிலும் இத்தகைய மனம் பிறந்ததுண்டு. 1892இல் அவ்வூரிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1920ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். பழந்தமிழ் யாழ் எவ்வாறு நரம்பு கட்டப்பட்டது என்ற வினாவை அவர் இலக்கியத்தால் மட்டுமன்றி எண்ணாலும் ஆராய்ந்தார். 1947இல் வெளிவந்த யாழ் நூல் அதன் பயன். நரம்பைப் பாதியாகக் குறைத்தால் அதே சுரம் மேலே ஒலிக்கும். மூன்றில் இரண்டாகக் குறைத்தால் இனிதிசையும் மற்றொரு சுரம் பிறக்கும். ஆனால் மூன்றில் இரண்டாகப் பன்னிரு முறை குறைத்தாலும், பாதியாக ஏழு முறை குறைத்தாலும் வரும் நீளங்கள் ஏறக்குறைய ஒன்றாகுமே தவிர, முற்றாக ஒன்றாவதில்லை. அச்சிறு வேறுபாடு உலகெங்கும் இசை வல்லுநரை வாட்டி வந்துள்ளது.

இலங்கையிலே க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடையாத மாணவனுக்கு உயர்தர வகுப்பின் வாயில்கள் பெரும்பாலும் அடைபட்டுவிடுகின்றன. ஆதலால் கணிதம் என்றாலே அச்சம் பிறக்கிறது; அச்சம் பிறந்தபின் வினா எழுவதில்லை. இராமானுசன் சிறு வகுப்பில் இருந்தபோது, எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று என்று ஆசிரியர் சொல்ல, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுத்தாலுமா என்று கேட்டதாகச் செய்தி வழங்குகிறது. அது குறும்பன்று. எந்த எண்ணைப் பூச்சியத்தால் பெருக்கினாலும் பூச்சியமே வருமாதலின், அவ்வகுத்தலுக்கு எவ்விடையும் பொருந்துகிறது; எனவே ஒரு விடையும் உறுதியாவதில்லை. 628ஆம் ஆண்டில் நூல் செய்த பிரமகுப்தரே அதன் விடை பூச்சியம் என்று கருதினார். பேரறிஞர் இடறிய இடத்தில் ஒரு சிறுவன் நின்று கேட்கும்போது, வாயை மூடு என்று சொல்லிவிட்டால், இழப்பு அச்சிறுவனுக்கு மட்டுமன்று.

பழைய திண்ணைப் பள்ளிகளிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினார்கள். களுதாவளையில் மணலுக்குப் பஞ்சமில்லை. அம்மணலில் எழுதிப் பார்க்க இன்னுமொரு கணக்கு உண்டு. விரும்பிய ஓர் எண்ணை எடுத்துக்கொள்க. இரட்டையாயின் பாதியாக்குக, ஒற்றையாயின் மூன்றால் பெருக்கி ஒன்று கூட்டுக. ஏழில் தொடங்கினால் 22, 11, 34, 17, 52, 26, 13, 40, 20, 10, 5, 16, 8, 4, 2, 1 என்று பதினாறு படிகளில் ஒன்றில் வந்து முடியும். இருபத்தேழில் தொடங்கினால் 111 படிகள் ஏறி இறங்கி அங்கேயே வந்து சேரும். எல்லா எண்களும் இவ்வாறு ஒன்றுக்கே திரும்புமா? கணிப்பொறிகள் மிகப் பெரிய எண்கள் வரை சோதித்துள்ளன. தவறிய எண் ஒன்றும் அகப்படவில்லை. எனினும் ஏன் அவ்வாறு ஆகிறது என்பதை இன்றுவரை எவரும் நிறுவவில்லை. இக்கணக்கின் முன் பேராசிரியரும் பாடசாலை மாணவனும் ஒரே வகுப்பிலேயே அமர்ந்திருக்கின்றனர்.