வெயிலில் ஓடும் கைக்கடிகாரம் வாங்கலாமா? ஐந்து சோதனைகள்

சேமித்த பணத்தில் நல்ல கைக்கடிகாரம் ஒன்று வாங்கும் எண்ணம் உங்களுக்கு உண்டா? கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் சில நூறு ரிங்கிட் விலையில் ஒரு வகைக் கடிகாரத்தைப் பார்த்திருப்பீர்கள். முகப்பில் மூன்று சிறு வட்டங்கள் இருக்கும். பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். விலைச் சீட்டில் ‘சோலார்’, ‘குரோனோகிராஃப்’, ‘100 மீட்டர்’ என்ற சொற்கள் இருக்கும். “இதற்கு மின்கலமே மாற்ற வேண்டியதில்லை” என்று கடைக்காரர் சொல்வார்.

இவை வெறும் விளம்பரச் சொற்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஓர் அறிவியல் கூற்று. கூற்று என்றால் அதைச் சோதிக்கலாம். அதற்கு உங்கள் பள்ளிப் பாடநூலில் உள்ள இயற்பியலே போதும்.

எடுத்துக்காட்டாக, செய்கோ நிறுவனத்தின் வி175 என்ற இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். விலை குறைந்த பல சோலார் குரோனோகிராஃப் கடிகாரங்களுக்குள் இதுதான் ஓடுகிறது. மாதத்திற்கு 15 விநாடிக்குள் பிழை, முழுமையாக மின்னேற்றினால் இருட்டிலும் ஏறக்குறைய 6 மாத ஓட்டம், ஐந்தில் ஒரு விநாடி அளவில் 60 நிமிடம் வரை நேரம் எடுக்கும் வசதி. இவையே அதற்கு நிறுவனம் தரும் உறுதிகள்.

சோதனை 1: ஒளி போதுமா?

கடிகாரத்தின் முகப்புத் தட்டு ஒளியை ஓரளவு ஊடுருவ விடும். அதன் அடியில் மெல்லிய சிலிக்கன் சூரிய மின்கலம் இருக்கிறது. ஒளி பட்டதும் சிலிக்கனில் எலக்ட்ரான்கள் விடுபட்டு மின்னோட்டம் உண்டாகிறது. அந்த மின்சாரம் சிறிய மறுமின்னேற்ற மின்கலத்தில் சேர்கிறது. 1976இல் சிட்டிசன் நிறுவனம் ஒளியால் இயங்கும் முள் கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, சூரியத் தகடுகள் முகப்பிலேயே வெளிப்படையாகத் தெரிந்தன. இன்று அவை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துள்ளன.

இவ்வளவு சிறிய தகடு போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாதாரணக் கடிகாரத்தின் பொத்தான் மின்கலம் ஒன்றின் கொள்ளளவு சுமார் 28 மில்லி ஆம்பியர் மணி. அது இரண்டு ஆண்டு, அதாவது 17,520 மணி நேரம் உழைக்கிறது. வகுத்தால் மின்னோட்டம் 0.0016 மில்லி ஆம்பியர். மின்னழுத்தம் 1.55 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் கடிகாரத்தின் தேவை ஒரு வாட்டின் பத்து லட்சத்தில் இரண்டரைப் பங்கு, அதாவது 2.5 மைக்ரோ வாட்.

இனி வரவைப் பார்ப்போம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் ஆற்றல் விழுகிறது. கடிகார முகப்பு 5 சதுர சென்டிமீட்டர் என்றால் அதன்மேல் விழுவது 0.5 வாட். முகப்புத் தட்டு ஐந்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடுகிறது, மின்கலம் அதில் பத்தில் ஒரு பங்கை மின்சாரமாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 0.01 வாட் கிடைக்கும். இது தேவையைப் போல் 4000 மடங்கு! ஒரு நிமிட வெயிலே இரண்டு நாளுக்கு மேல் ஓடப் போதுமானது.

வகுப்பறையில் நிலைமை வேறு. உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். விளக்கு எரியும் வகுப்பறை 300 முதல் 500 லக்ஸ் வரைதான். அங்கே கிடைப்பது வெயிலில் கிடைப்பதைவிட மிகக் குறைவு. அதாவது, ஒரு நாள் ஓட்டத்தை ஈடுகட்ட வெயிலில் ஆவதைவிட மிக நீண்ட நேர விளக்கொளி வேண்டும். நீளக் கைச்சட்டைக்குள் மறைந்திருந்தால் அதுவும் கிடைக்காது.

மின்சாரம் குறைந்ததும் கடிகாரமே உங்களுக்குச் சொல்லிவிடும். விநாடி முள் ஒவ்வொரு விநாடியும் நகர்வதை விட்டு, இரண்டு விநாடிக்கு ஒரு முறை குதிக்கும். அதைக் கண்டால் வெளிச்சத்தில் வையுங்கள். ஆனால் வெயிலில் நிற்கும் காரின் முன்பலகையில் வைக்காதீர்கள். அந்தச் சூடு மின்கலத்தைக் கெடுக்கும்.

சோதனை 2: நேரம் சரியா?

கடிகாரத்துக்குள் இசைக்கவை வடிவில் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. அது விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த எண்? இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போங்கள். இரண்டின் 15ஆம் அடுக்கு 32,768. எனவே மின்சுற்று அதை 15 முறை பாதியாக்கினால் விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கிறது. 1969 டிசம்பர் 25இல் தோக்கியோவில் விற்பனைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரமான செய்கோ அஸ்ட்ரோனின் விலை 4,50,000 யென். அந்தக் காலத்தில் அது ஒரு காரின் விலைக்கு நிகர். அன்று பணக்காரர்களுக்கு மட்டும் கிட்டிய அந்தத் தொழில்நுட்பம் இன்று உங்கள் கைக்கு எட்டும் விலையில் இருக்கிறது.

மாதத்திற்கு 15 விநாடி என்பது வாரத்திற்கு ஏறத்தாழ 3.5 விநாடி. இதைச் சோதிப்பது எளிது. ஞாயிறு இரவு கைப்பேசியின் நேரத்தோடு கடிகாரத்தை விநாடி பிசகாமல் பொருத்துங்கள். அடுத்த ஞாயிறு இரவு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு நான்கு விநாடிக்குள் இருந்தால் கூற்று உண்மை.

இந்த வாரத்தில் கடிகாரத்தைக் கையிலேயே கட்டியிருங்கள். படிகம் 25 பாகை செல்சியஸ் அருகில் சரியாக ஓடும்படி அமைக்கப்பட்டது. அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகும். 45 பாகைச் சூட்டில் ஒரு நாள் முழுக்க இருந்தால் ஒரு விநாடிக்குச் சற்று மேல் பின்தங்கும்.

சோதனை 3: ஓட்டத்துக்கு உதவுமா?

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இத்தகைய கடிகாரத்தின் நடுவில் உள்ள நீண்ட விநாடி முள் சும்மா நிற்கும். அது பழுது அல்ல. மேல் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். கீழ்ப் பொத்தான் அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரும். வழக்கமான விநாடியைச் சிறு வட்டத்தில் உள்ள முள் காட்டும். கடையிலேயே பொத்தான்களை அழுத்திப் பாருங்கள். முள் சரியாக 12இல் வந்து நிற்க வேண்டும். மலிவான சில கடிகாரங்களில் சிறு வட்டங்கள் வெறும் அலங்காரம்தான், எதுவும் நகராது.

பள்ளி விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்துக்கு நேரம் எடுக்கிறீர்கள். படிகத்தால் வரும் பிழை எவ்வளவு? மாதத்தின் 25,92,000 விநாடியில் 15 விநாடி பிழை என்றால், 13 விநாடி ஓட்டத்தில் பத்தாயிரத்தில் ஒரு விநாடிகூட வராது. அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பெரிய பிழைகள் வேறு மூன்று. முதலாவது, முள் ஐந்தில் ஒரு விநாடி அளவில்தான் நகர்கிறது. 13.4 என்று காட்டினால் உண்மை 13.4க்கும் 13.6க்கும் இடையில் எங்கோ இருக்கிறது. இரண்டாவது, உங்கள் விரல். கண் பார்த்து, மூளை ஆணையிட்டு, விரல் அழுத்த ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். மூன்றாவது, ஒலி. முடிவுக் கோட்டில் நிற்கும் உங்களுக்குத் தொடக்கத் துப்பாக்கியின் சத்தம் சுமார் 0.3 விநாடி தாமதமாகத்தான் கேட்கும். அதற்குள் ஓடுபவர் இரண்டு மீட்டர் முன்னேறும் வேகம் கொண்டவர்! அதனால்தான் நேரக் காப்பாளர்கள் சத்தத்தைக் கேட்டு அழுத்தாமல், துப்பாக்கியின் புகையைப் பார்த்து அழுத்துகிறார்கள்.

கைப்பேசி நூறில் ஒரு விநாடி வரை காட்டுகிறதே, அது மேலானதா? திரையில் எண்கள் கூடுகின்றன. அழுத்துவது அதே விரல்தான். நுண்ணளவில் காட்டுவது வேறு, துல்லியமாக இருப்பது வேறு. 100 மீட்டர் ஓட்டத்தில் கையால் எடுத்த நேரத்தை மின்னணு நேரத்தோடு ஒப்பிடும்போது 0.24 விநாடி கூட்டும் வழக்கமே இருக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. பள்ளி அணிக்கு இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வேறுபாடு 0.1 விநாடி மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் எடுத்த ஒரே நேரத்தை நம்பி ஒருவரை நீக்குவது நியாயமாகாது. இருவரையும் ஒன்றாக ஓடவிட வேண்டும், அல்லது பல முறை ஓடவிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். 15 நிமிடம் நீளும் குறுக்கோட்டத்துக்கோ இந்தக் கடிகாரம் தாராளமாகப் போதும்.

முகப்பின் விளிம்பில் உள்ள எண்கள் வேகத்தைக் காட்டுபவை. நெடுஞ்சாலையில் பயணியாகச் செல்லும்போது, ஒரு கிலோமீட்டர்க் கல்லில் தொடங்கி அடுத்த கல்லில் நிறுத்துங்கள். 45 விநாடி ஆனால் முள் 80ஐக் காட்டும். 3600ஐ 45ஆல் வகுத்தால் மணிக்கு 80 கிலோமீட்டர்தானே!

சோதனை 4: தண்ணீர் தாங்குமா?

‘100 மீட்டர்’ என்றால் அந்த ஆழத்துக்கு முக்குளிக்கலாம் என்று பொருளல்ல. 10 மீட்டர் நீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். அசையாத நீரில் 10 பார் அழுத்தத்துக்கு ஈடான சோதனை அளவுதான் அது. 100 மீட்டர்க் கடிகாரத்துடன் நீந்தலாம். 30 மீட்டர் என்றிருந்தால் கை கழுவலாம், மழையில் நனையலாம், அவ்வளவுதான். எதுவாயினும் நீருக்குள் பொத்தான்களை அழுத்தாதீர்கள். கடலில் குளித்தபின் நன்னீரில் கழுவுங்கள்.

சோதனை 5: பணம் மிச்சமா?

சோலார் கடிகாரம் சாதாரணக் குவார்ட்ஸ் குரோனோகிராஃபைவிட 150 ரிங்கிட் அதிகம் என்று கொள்வோம். மின்கலம் மாற்ற 25 ரிங்கிட், இரண்டரை ஆண்டுக்கு ஒரு முறை. கூடுதல் விலையை ஈடுகட்ட 6 முறை மாற்ற வேண்டும். அதற்கு 15 ஆண்டு ஆகும்! நீங்கள் பார்க்கும் கடையின் விலைகளைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். உள்ளே இருக்கும் மறுமின்னேற்ற மின்கலமும் பல ஆண்டு உழைக்குமே தவிர, என்றென்றைக்கும் அல்ல.

அப்படியானால் சோலார் கடிகாரத்தின் பயன் என்ன? பின்மூடியைத் திறக்க வேண்டிய தேவை அரிது. அதனால் நீர்க்காப்பு நிலைக்கும். தேய்ந்த மின்கலங்கள் குப்பைக்குப் போவது குறையும். தேர்வு நாளில் திடீரென்று நின்றுபோகாது. இவை உங்களுக்கு முக்கியம் என்றால், தினமும் கட்டுவீர்கள் என்றால், வாங்குங்கள். இழுப்பறைக்குள் மாதக்கணக்கில் கிடக்கும் என்றால் சாதாரணக் கடிகாரமே போதும்.

செய்து பாருங்கள்: ஒரே ஓட்டத்துக்குப் பத்து நண்பர்கள் தனித்தனியாக நேரம் எடுங்கள். மிகக் கூடிய அளவையும் மிகக் குறைந்த அளவையும் எழுதிக் கழியுங்கள். கிடைக்கும் விடை கடிகாரத்தின் பிழை அல்ல, மனிதப் பிழை. அது 0.2 விநாடியைவிடப் பெரியதா, சிறியதா?