சொல்லுக்கு ஏற்ற துணை: ஆங்கில வினைச்சொற்கள் சேரும் விதம்



பட்டப்படிப்பு முடித்து வேலை தேடும் நம் பிள்ளைகள் பலர், விண்ணப்பக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துத் தரும்படி எங்களிடம் கொண்டு வருகிறார்கள். காலம், ஒருமை பன்மை எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. ஆனால் 'ஐ டிட் எ மிஸ்டேக்', 'ஐ புட் லீவ் எஸ்டர்டே' என்பன போன்ற வாக்கியங்கள் இடையில் வந்துவிடுகின்றன. சொல்ல வந்தது புரிகிறது. இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினாலும் பிழை எளிதில் அகப்படாது. ஆயினும் நேர்முகத் தேர்வில் எதிரே அமர்ந்திருப்பவரின் காதில் அது உடனே இடறுகிறது. பிள்ளைகளோ தங்களுக்கு இலக்கணமே வரவில்லை என்று எண்ணி இன்னொரு இலக்கணப் புத்தகம் வாங்குகிறார்கள். சிலர் ஆங்கிலத்தில் வாய் திறப்பதையே விட்டுவிடுகிறார்கள்.

குறை இலக்கணத்தில் இல்லை. எந்தப் பெயர்ச்சொல்லோடு எந்த வினைச்சொல் சேரும் என்பதில்தான் இருக்கிறது. இதைச் சொற்சேர்க்கை என்பார்கள்.

நம் தமிழிலேயே பாருங்கள். மழை 'பெய்கிறது', வெயில் 'அடிக்கிறது', பனி 'கொட்டுகிறது'. குடையைப் 'பிடிக்கிறோம்', சட்டையைப் 'போடுகிறோம்', வேட்டியைக் 'கட்டுகிறோம்'. ஏன் வேட்டியைப் 'பிடிக்கவில்லை' என்று கேட்டால் பதில் கிடையாது. அப்படித்தான் சொல்கிறோம், அவ்வளவே. புதிதாகத் தமிழ் கற்பவர் 'மழை விழுகிறது' என்றால் நமக்குப் புரியும். ஆனால் அவர் வெளியூர்க்காரர் என்பதும் அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் நமக்கு நேர்வதும் இதுதான்.

இன்னோர் உதாரணம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மக்ரிப் பாங்கு ஒலித்ததும் நோன்பு 'திறக்கிறோம்'. நோன்பை 'முறிப்பது' என்றால் நேரத்திற்கு முன்பே அதைப் பாழாக்குவது. ஆங்கிலத்திலோ முறித்தல் என்று பொருள்படும் 'பிரேக்' என்ற சொல்தான் முறைப்படி நோன்பு திறப்பதற்கும் வழங்குகிறது. சொல்லுக்குச் சொல் மாற்றினால் கருத்து எவ்வளவு தூரம் விலகிப் போகும் என்பதற்கு இது ஒன்றே போதும்.

நம் பிள்ளைகளின் பிழைகளைக் கூர்ந்து பார்த்தால், அவற்றில் பெரும்பகுதி பண்ணு, போடு, எடு என்ற மூன்று தமிழ் வினைகளிலிருந்து வருவது தெரிகிறது.

முதலாவது, பண்ணு. பேச்சுத் தமிழில் இது எதனோடும் ஒட்டிக்கொள்ளும். கால் பண்ணு, தப்பு பண்ணு, முடிவு பண்ணு, கம்ப்ளெயின்ட் பண்ணு, பேமென்ட் பண்ணு என்கிறோம். இதை அப்படியே 'டூ' என்று மாற்றுவதால்தான் பிழை வருகிறது. இந்த ஐந்திற்கும் ஆங்கிலத்தில் 'மேக்' வரவேண்டும்: மேக் எ கால், மேக் எ மிஸ்டேக், மேக் எ டிசிஷன், மேக் எ கம்ப்ளெயின்ட், மேக் எ பேமென்ட். 'டூ' என்பது வேலையோடும் கடமையோடும் சேரும்: டூ ஹோம்வொர்க், டூ யுவர் டியூட்டி, டூ பிசினஸ், டூ மீ எ ஃபேவர்.

இரண்டாவது, போடு. தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு துணை. லீவு போடுவது 'டேக் லீவ்'. டீ போடுவது 'மேக் டீ'. திட்டம் போடுவது 'மேக் எ பிளான்'. கூட்டம் போடுவது 'ஹோல்ட் எ மீட்டிங்'. சண்டை போடுவது 'ஹேவ் எ ஃபைட்'. ஊசி போடுவது 'கிவ் அன் இன்ஜெக்ஷன்'. கையெழுத்துப் போடுவதற்குத் துணையே வேண்டாம். 'சைன்' என்ற ஒரு சொல் போதும். இவற்றில் எதற்கும் 'புட்' வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, எடு. இது சில இடங்களில் ஆங்கிலத்தோடு ஒத்துப்போவதால் நம்மை ஏமாற்றிவிடும். போட்டோ எடுப்பது 'டேக் எ போட்டோ'. குறிப்பு எடுப்பது 'டேக் நோட்ஸ்'. ஆனால் முயற்சி எடுப்பது 'மேக் அன் எஃபர்ட்', மார்க் எடுப்பது 'கெட் மார்க்ஸ்', வாந்தி எடுப்பது வெறும் 'வாமிட்'. மாறாக, நாம் 'சாப்பிடுகிற' மருந்தை ஆங்கிலேயர் 'டேக்' செய்கிறார்கள். செவிலியர் படிப்பு முடித்து வெளிநாடு செல்ல முயலும் நம் பெண்பிள்ளைகளுக்கு இவை நாள்தோறும் தேவைப்படும் தொடர்கள்.

இதற்கு விதி உண்டா என்று கேட்பீர்கள். ஓரளவு உண்டு. செயலே முக்கியமானால் 'டூ'. செயலின் முடிவில் ஏதோ ஒன்று உருவாகிறது என்றால் 'மேக்'. டீயும் உருவாகிறது, திட்டமும் உருவாகிறது, தவறும் உருவாகிறது. ஆனால் எல்லா இடத்திலும் இது உதவாது. 'மேக் தி பெட்' என்றால் தச்சர் கட்டில் செய்வதல்ல. படுக்கை விரிப்பைச் சீர்செய்வது. எனவே விதியை வழித்துணையாக வைத்துக்கொண்டு, சேர்க்கைகளை மனதில் பதிக்க வேண்டும்.

இது நமக்கு மட்டும் உள்ள இடர் அல்ல. ஆங்கிலம் கற்பிக்க 1922இல் ஜப்பான் சென்ற ஹெரால்ட் பால்மர், இத்தகைய சொற்சேர்க்கைகளைத் திரட்டி 1933இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அங்கே அவருடன் பணியாற்றிய ஏ.எஸ். ஹார்ன்பி, பிறமொழியினருக்காகத் தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளிவந்தது. இன்று நம் மாணவர்கள் பயன்படுத்தும் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் அகராதி அதன் வழிவந்ததே.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். ஆங்கிலமும் எல்லா நாட்டிலும் ஒன்றுபோல் இல்லை. பரீட்சை எழுதுவதை நம் நாட்டில் 'ரைட்' என்கிறோம். பிரிட்டனில் 'சிட்' என்றும் 'டேக்' என்றும் சொல்வார்கள். முடிவு எடுப்பதற்கு 'மேக்' பரவலானது. பிரிட்டிஷ் வழக்கில் 'டேக்' என்பதும் உண்டு. ஆகவே பிறர் பேச்சில் குற்றம் காண விரைய வேண்டாம்.

பழகும் வழி எளியது. ஒரு சிறு நோட்டில் பெயர்ச்சொல்லைத் தனியாக எழுதாமல், அதன் வினையோடும், முன்னால் 'எ' வந்தால் அதோடும் சேர்த்தே எழுதுங்கள். 'மிஸ்டேக்' என்று எழுதாமல் 'மேக் எ மிஸ்டேக்' என்று எழுதுங்கள். ஆங்கில நாளிதழில் ஒரு செய்தியைப் படித்து, நாளுக்கு ஐந்து சேர்க்கைகளைக் கோடிட்டு வையுங்கள். ஐயம் வந்தால் அகராதியில் வினைச்சொல்லைத் தேடாமல் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். உதாரண வாக்கியத்திலேயே அதன் துணை இருக்கும்.

ஆங்கிலம் அறியாத பெற்றோரும் இதில் உதவலாம். நோட்டின் ஒரு பக்கத்தில் தமிழும் மறுபக்கத்தில் ஆங்கிலமும் இருக்கட்டும். 'லீவு போடுவதற்கு என்ன?' என்று தாயார் கேட்டு, பிள்ளை தயங்காமல் விடை சொன்னால் போதும். நாளுக்கு ஐந்து வீதம் மூன்று மாதத்தில் 450 சேர்க்கைகள் கைவசமாகும், இன்ஷா அல்லாஹ்.

இறுதியாக, வீட்டில் ஒரு பிள்ளை 'ஐ டிட் எ மிஸ்டேக்' என்று சொன்னால் யாரும் சிரிக்காதீர்கள். சரியான சொல்லை ஒருமுறை எடுத்துச் சொல்லி, பேச்சைத் தொடர விடுங்கள். தவறாகப் பேசும் பிள்ளையைத் திருத்திவிடலாம். பேச்சையே நிறுத்திக்கொண்ட பிள்ளையைத் திரும்பப் பேசவைப்பது மிகக் கடினம்.