தொட்டிச் செடியின் இலைகள் துவள்வது ஏன்?

பயிரின் வாட்டத்தைத் தம் வாட்டமாகக் கொண்டு உருகிய வள்ளலார் வாழ்ந்த நாடு நம் நாடு. ஒருவர் நட்ட மரத்தின் பயனைப் பறவையோ விலங்கோ மனிதரோ நுகர்ந்தால், அது நட்டவருக்கு அறமாக அமையும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அருள்வாக்கு. எனவே செடிகொடிகளிடம் அன்பு காட்டுவது நமக்குப் புதிதன்று. ஆயினும் அன்பு மட்டுமே ஓர் உயிரைக் காத்துவிடாது. அவ்வுயிருக்கு உற்ற குறை யாது என்று அறியும் அறிவும் அன்புக்குத் துணை நிற்க வேண்டும். இவ்வுண்மையை எமக்கு உணர்த்தியது எம் துறை அறையில் இருந்த ஒரு மணிபிளான்ட் செடியாகும்.

இறுதியாண்டு மாணவர்கள் பிரிவுபசார நாளில் அன்பளிப்பாகத் தந்து சென்ற செடி அது. ஓராண்டுக் காலம் சன்னலோரத்தில் செழித்து வளர்ந்தது. பின்னர் ஒரு கார்த்திகை மாதம், அடைமழை பெய்துகொண்டிருந்த நாள்களில், அதன் இலைகள் தொங்கத் தொடங்கின. கண்டோர் அனைவரும் செடி தாகத்தால் வாடுகிறது என்றே கருதினோம். காலையில் வந்தவர் ஒரு குவளை நீர் ஊற்றினார். அதனை அறியாமல் நண்பகலில் மற்றொருவர் ஊற்றினார். மாலையில் வீடு திரும்புமுன் இன்னொருவரும் ஊற்றினார். நீர் ஊற்ற ஊற்ற இலைகள் மேலும் துவண்டன. பத்து நாள் சென்றபின் கல்லூரித் தோட்டத்தைப் பேணும் பெரியவரை அழைத்துக் காட்டினோம். அவர் மண்ணை விரலால் கிளறி முகர்ந்து பார்த்தார். “ஐயா, இதுக்குத் தண்ணி பத்தாம இல்லே, மூச்சு முட்டுது” என்றார். செடியைத் தொட்டியிலிருந்து எடுத்தபோது, வேர்கள் பழுப்பேறிக் கையோடு கழன்று வந்தன.

பெரியவர் ஒரு தொடரில் கூறிய உண்மையைச் சற்று விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலை நிமிர்ந்து நிற்பது எதனால்?

இலைக்கு எலும்பு இல்லை. மரத்தண்டைப் போன்ற கட்டையும் இல்லை. அதனை நிமிர்த்தி நிறுத்துவது பெரும்பாலும் நீரே. இலையின் ஒவ்வொரு செல்லிலும் நிறைந்துள்ள நீர், செல்சுவரை உள்ளிருந்து அழுத்துகிறது. காற்றடைத்த மிதிவண்டிக் குழாய் விறைத்து நிற்பது போல், நீர் நிறைந்த செல்களால் இலை விறைத்து நிற்கிறது. இதனை விறைப்பழுத்தம் என்பர். செல்லின் நீர் குறையுமாயின் அழுத்தம் தளரும், இலை துவளும்.

வேர் உறிஞ்சும் நீர் செடிக்கு வரவு. இலைத்துளைகளின் வழியே ஆவியாக வெளியேறும் நீர் செலவு. இச்செலவை அளந்து காட்டிய முன்னோடிகளுள் ஒருவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயச் சமயகுரு ஆவார். தொட்டியில் வளர்ந்த சூரியகாந்திச் செடியை எடுத்து, மண்ணிலிருந்து நீர் ஆவியாகாதவாறு தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் நிறுத்துப் பார்த்து, இலைகள் வெளியேற்றும் நீரை அவர் கணக்கிட்டார். 1727இல் வெளிவந்த ‘வெஜிடபிள் ஸ்டாட்டிக்ஸ்’ என்னும் நூலில் இச்சோதனையை விளக்கியுள்ளார். செலவு வரவை மிஞ்சும்போது இலை துவள்கிறது என்பதே இவ்வாய்விலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

ஒரே குறி, இரு நோய்கள்

வரவு குறைவதற்கு இரு காரணங்கள் உள. மண்ணில் நீர் இல்லாமை ஒன்று. நீர் இருந்தும் வேரால் அதனை உறிஞ்ச இயலாமை மற்றொன்று. முதலாவதை யாவரும் அறிவர். இரண்டாவதே நம்மை ஏமாற்றுவது.

வேரும் மூச்சு விடுகிறது. மண் துகள்களுக்கு இடையேயுள்ள காற்றிலிருந்து உயிர்வளியைப் பெற்றே அது வாழ்கிறது. அவ்விடைவெளிகள் முழுவதும் நீரால் நிறைந்துவிட்டால், உயிர்வளி வேரை அடைவது அரிதாகிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் உயிர்வளி ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகிறது. மூச்சடைத்த வேரின் செல்களில் அமிலத்தன்மை மிகுகிறது. அதனால் செல்சவ்வில் நீர் புகும் நுண்வாயில்கள் மூடிக்கொள்கின்றன. அக்வாபோரின் எனப்படும் இவ்வகை நுண்வாயில்களைக் கண்டறிந்தமைக்காக பீட்டர் ஆக்ரே 2003ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வாயில் மூடியபின் சுற்றிலும் நீர் இருந்தும் இலைக்கு நீர் இல்லை. இந்நிலை நீடித்தால் பித்தியம் போன்ற நுண்ணுயிர்கள் நலிந்த வேரைத் தாக்கி அழுகச் செய்கின்றன. அப்போது நாம் மேலும் நீர் ஊற்றுவது, நோயாளிக்கு மருந்தென்று எண்ணி நோயையே ஊட்டுவதாகும்.

நோயைக் காணும் முறை

நோய் இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தீர்க்கும் வழியைத் தேர்ந்து, பின்னரே மருத்துவம் செய்தல் வேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் கற்பிக்கும் நெறி. செடிக்கும் இந்நெறியே பொருந்தும்.

முதலாவது, மண்ணைத் தொட்டுப் பார்த்தல். மேற்பரப்பு மட்டும் காய்ந்திருப்பது கொண்டு முடிவு செய்தல் ஆகாது. விரலை இரண்டு அங்குல ஆழம் செலுத்திப் பார்த்தல் வேண்டும். உள்ளே ஈரம் இருக்குமாயின் செடி கேட்பது நீரன்று.

இரண்டாவது, தொட்டியைத் தூக்கிப் பார்த்தல். நீர் ஊற்றிய அன்றைய கனமும், காய்ந்த நாளின் கனமும் கைக்குப் பழகிவிட்டால், தராசு இன்றியே ஹேல்ஸ் செய்த சோதனையை நாமும் செய்யலாம்.

மூன்றாவது, இலையைத் தடவிப் பார்த்தல். நீரின்றி வாடிய இலை மெலிந்து, ஓரம் கருகி, நாளடைவில் நொறுங்கும். நீர் மிகுந்து வாடிய இலை மென்மையாகித் தொங்கும், அடியிலைகள் மஞ்சளாகும், சில செடிகளில் தண்டின் அடிப்பகுதியும் இளகும்.

நான்காவது, மணத்தை அறிதல். நல்ல மண் மழை பெய்த நிலம் போல் மணக்கும். அழுகல் வாடை வீசினால் வேர் கெட்டுவிட்டது எனக் கொள்ளலாம்.

ஐந்தாவது, ஐயம் தீராதபோது செடியை மெல்லக் கவிழ்த்து வேரைக் காணுதல். நல்ல வேர் பெரும்பாலும் வெண்மையாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுத்துக் குழையும்; இழுத்தால் மேல்தோல் கழன்று, நார் மட்டும் எஞ்சும்.

பிற காரணங்கள்

இவ்விரண்டே அன்றி வேறு காரணங்களும் உள. வெயில் நேரத்தில் மட்டும் துவண்டு, அந்தியில் தானே நிமிரும் இலைக்கு நோய் ஏதும் இல்லை. அது நண்பகற் செலவு மிகுதியால் வந்த தற்காலிகத் தளர்ச்சியே. குளிர்சாதனப் பெட்டியின் காற்று நேராகப் படும் செடியும் துவளும். இடம் மாற்றிய செடியும், புதுத் தொட்டிக்கு மாற்றப்பட்ட செடியும், வேர் நிலைகொள்ளும் வரை சில நாள் தளர்ந்திருக்கும்.

மண்ணின் மேல் வெண்மையாக உப்புப் பூத்திருந்தால், உவர்நீரோ உரமிகுதியோ காரணமாகலாம். மண்ணில் உப்பு மிகுந்தால், சவ்வூடுபரவல் விதிப்படி வேர் நீரை ஈர்த்தல் கடினமாகும். இலையின் அடிப்புறத்திலும் கணுக்களிலும் பஞ்சு போல் ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. அது சாற்றை உறிஞ்சி இலையை நலிவிக்கும். ஆண்டுக்கணக்கில் ஒரே தொட்டியில் இருந்த செடியின் வேர்கள் சுருண்டு தொட்டியை நிறைத்துவிட்டால், நீர் தங்க மண்ணே இராது.

துவள்வதாகத் தோன்றும் இயல்பான அசைவும் உண்டு. மராண்டா என்னும் பிரேசில் நாட்டுச் செடி பகலில் இலைகளைத் தாழ்த்தி விரிக்கும். இரவில், இறைஞ்சும் கைகளைப் போல் மேல்நோக்கிக் கூப்பும். அதனாலேயே அதற்குப் ‘பிரேயர் பிளான்ட்’ என்னும் பெயர் அமைந்தது. மாலையில் இலை கூம்பும் தூங்குமூஞ்சி மரத்தை அறிந்த நமக்கு இது வியப்பளிக்காது. இயல்பை நோயென்று எண்ணி மருந்திடுதல் தவறு.

தீர்க்கும் வழி

மண் காய்ந்து வாடிய செடிக்கு மேலே ஒரு குவளை நீர் ஊற்றினால் போதாது. மிகக் காய்ந்த மண் சுருங்கித் தொட்டியின் சுவரை விட்டு விலகியிருக்கும். ஊற்றிய நீர் அவ்விடுக்கு வழியே ஓடி அடித்தட்டில் சேரும்; நடுவேயுள்ள வேர்த்திரள் காய்ந்தே கிடக்கும். தொட்டியை ஒரு வாளி நீரில் அரைமணி நேரம் வைத்து, பின் வெளியே எடுத்து நீரை வடிய விடுதல் நன்று. மாலைக்குள் பெரும்பாலான இலைகள் நிமிரும்.

நீர் மிகுந்து வாடிய செடிக்கு முதல் மருந்து நீரை நிறுத்துதல். அடித்தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிட வேண்டும். வேர் அழுகியிருப்பின், கெட்ட வேர்களைத் தூய கத்தரியால் நீக்கி, செம்மண், மணல், தென்னை நார்க்கழிவு ஆகியன கலந்த புதிய மண்ணில், அடியில் துளையுள்ள தொட்டியில் நட வேண்டும். புதிய தளிர் காணும்வரை உரம் இடலாகாது. உப்புப் பூத்த மண்ணை, நல்ல நீரை மிகுதியாக ஊற்றி இரண்டு மூன்று முறை வடியவிட்டுக் கழுவலாம். மாவுப்பூச்சியை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

முடிவுரை

உண்பதிலும் பருகுவதிலும் வரம்பு கடத்தலாகாது என்பது திருமறையின் அறிவுரை. பிறருக்கு ஊட்டுவதிலும் இவ்வரம்பு உண்டு என்பதை எம் செடி கற்பித்தது. வகுப்பறையில் தலைகவிழ்ந்து அமரும் மாணவனைக் கண்டதும், அவனுக்கு அக்கறை குறைந்துவிட்டது என்று முடிவு செய்து, ஒருவர் மாற்றி ஒருவர் அறிவுரை ஊற்றுவது ஆசிரியராகிய எமக்கும் பெற்றோருக்கும் வழக்கமாகிவிட்டது. பசித்து வந்தவன் யார், சுமை தாங்காமல் தளர்ந்தவன் யார் என்று அருகிற்சென்று வினவுவோர் சிலரே. இருவரின் தோற்றமும் ஒன்றே, தேவையோ வேறு.

அச்செடியின் வேரைக் காக்க இயலவில்லை. ஆயினும் பெரியவர் கெடாத கொடியில் கணுவுடன் இரு துண்டுகளை நறுக்கி, ஒரு கண்ணாடிப் புட்டியின் நீரில் வைத்தார். சில வாரங்களில் கணுக்களிலிருந்து வெண்ணிற வேர்கள் நீண்டன. அவை இன்று அதே சன்னலோரத்தில் புதுத் தொட்டியில் தழைத்துள்ளன. நீர் ஊற்றும் பொறுப்பு இப்போது ஒருவருக்கே உரியது. அவரும் மண்ணில் விரல் வைத்துப் பார்த்த பின்னரே குவளையை எடுக்கிறார்.