பறையும் மேடையும்: கட்டாயத்துக்கும் கலைக்கும் நடுவே ஒரு கோடு

மார்கழி பிறந்தால் சென்னையில் கச்சேரிப் பருவம் தொடங்கிவிடும். 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-இல் மியூசிக் அகாடமி உருவானது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக மார்கழி என்றால் சபாக்கள் என்பது பொதுப்புத்தியில் பதிந்துவிட்டது. அந்த மேடைகளில் மிருதங்கத்துக்கு உயர்ந்த இடம் உண்டு. ஆனால் தோல் பதனிட்டு மிருதங்கம் கட்டித் தந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள் என்பதைப் பொதுவெளியில் விரிவாகப் பேச, டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்னும் நூல் 2020-இல் வெளிவர வேண்டியிருந்தது. பறைக்கோ அந்த மேடைகளில் நெடுங்காலம் இடமே இருந்ததில்லை.

அதே 2020-ஆம் ஆண்டு டிசம்பரில், நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’ என்னும் விழாவைச் சென்னையில் தொடங்கியது. பறை, கானா, ஒப்பாரி, நாட்டார் பாடல், பழங்குடி இசை ஆகியவை மார்கழி மாதத்திலேயே, தமக்கென அமைந்த மேடையில் ஒலித்தன. அடுத்த ஆண்டு விழா மதுரைக்கும் கோவைக்கும் விரிந்தது. மாதத்தின் பெயரையே விழாவின் பெயராக்கியதில் ஓர் உரிமைக்கோரல் இருக்கிறது: பருவம் என்பது எவருடைய தனிச்சொத்தும் அன்று.

இவ்விழாவுக்கு முன்னோடியாக அமைந்தது ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு. இயக்குநர் பா. இரஞ்சித்தின் முன்முயற்சியிலும் இசையமைப்பாளர் டென்மாவின் வழிநடத்தலிலும் உருவான இந்த 19 பேர் குழு, 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதன்முறையாக மேடையேறியது. பறையும் சட்டியும் கிதாரும் டிரம்ஸும் ஒரே வரிசையில் நின்றன. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே பாடலில் கலந்தன. இடஒதுக்கீடும் மாட்டிறைச்சி உணவுரிமையும் பாடுபொருளாயின. ‘சாதி பேதமற்ற திராவிடர்’ என்று அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த கருத்திலிருந்தே குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது. பல கருவிகள், பல குரல்கள், ஒரு கூட்டு ஒழுங்கு என்ற வகையில், தமிழ்நாட்டில் மக்களுக்கான ஒரு சிம்பொனிக் குழு எதுவெனக் கேட்டால் நாம் இதையே சுட்டுவோம்.

யார் யாரிடம் கொண்டுசெல்வது?

மேலைநாட்டுச் சிம்பொனிக் குழுக்கள் தம் ஆண்டுப் பருவத்தை அறிவிக்கும்போது, பள்ளிகளுக்கும் சிறைகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இசையைக் கொண்டுசெல்லும் திட்டங்களையும் உடன் அறிவிப்பது வழக்கம். வெனிசுவேலாவில் 1975-இல் தொடங்கிய ‘எல் சிஸ்டெமா’ இயக்கம், ஏழைக் குழந்தைகளின் கையில் வயலினைக் கொடுத்து உலகின் கவனத்தை ஈர்த்தது. இங்கே ஏ.ஆர். ரகுமான் அறக்கட்டளை, வறிய குடும்பத்துக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பித்து ‘சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா’வை உருவாக்கியது. இவை மதிக்கத்தக்க முயற்சிகள். சேரிக் குழந்தைக்குச் செல்லோ வாசிக்கும் உரிமை உண்டு. அந்தக் கதவு இன்னும் அகலத் திறக்க வேண்டும்.

ஆயினும் இவற்றுள் ஒரு முன்முடிவு ஒளிந்திருக்கக்கூடும். இசை இருக்கும் இடத்திலிருந்து இசை இல்லாத இடத்துக்கு அதைக் கொண்டுசெல்கிறோம் என்பதே அது. சேரி எந்நாளும் இசையற்ற இடமாக இருந்ததில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் வைக்கிறது. திணைதோறும் இருந்த கருவி, காலப்போக்கில் ஒரு சாதியின் தோளில் மட்டும் மாட்டப்பட்டது. அதை அடிப்பவரின் பிறப்பே அந்தக் கருவிக்கு இழிவாகக் கற்பிக்கப்பட்டது.

இந்தச் சிக்கலுக்கு 1990-களின் தலித் எழுச்சி இரண்டு விடைகளைத் தந்தது. சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்பது முதல் விடை. பறையை எங்கள் கலையாக, எங்கள் விருப்பத்தின்படி அடிப்போம் என்பது இரண்டாம் விடை. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய கலை விழாக்களில் பறை விடுதலையின் கருவியாக முழங்கியது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில், இளம் தலித் பெண்கள் பறையைக் கற்றதோடு தொழிற்பயிற்சியும் சமூகப் பகுப்பாய்வும் பெற்றார்கள். ஆண்கள் மட்டுமே தொட்ட கருவியைப் பெண்கள் தோளில் மாட்டிக்கொண்டதும், இழவு வீட்டு வாசலிலிருந்து அது மேடைக்கு ஏறியதும் ஒரே நகர்வின் இரு பக்கங்கள். இம்மையங்கள் மக்களிடம் இருந்த இசையைக் கட்டாயத்திலிருந்து விடுவித்து, அம்மக்களிடமே திருப்பித் தந்தன.

கள்ளக்குறிச்சியிலிருந்து பார்த்தால்

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தை வெளியுலகம் பெரும்பாலும் 2024 ஜூன் மாதத்தைக் கொண்டே நினைவுகூர்கிறது. கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் 60-க்கும் மேற்பட்டோர் நச்சுச் சாராயத்துக்குப் பலியான துயரம் அது. சாலையும் மருத்துவமும் மாற்று வாழ்வாதாரமும் கேட்க வேண்டிய மண்ணில் இசை மேடையைப் பற்றிப் பேசலாமா என்று தோழர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டையும் பிரிக்க முடியாது என்பதே நம் வாதம்.

ஊர்த் திருவிழாவிலும் ஊரார் வீட்டுச் சாவிலும் பறையடிப்பது சேரியின் ‘கடமை’ என்று நினைக்கும் மனநிலையை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கூலி பேச முடியாது. நாளும் நேரமும் குறிக்கும் உரிமை அடிப்பவருக்குக் கிடையாது. அறுவடைக் களத்தில் ஊர்த் தொழிலாளருக்கு அளந்து தரும் நெல்லுக்கு நம் கிராமங்களில் ‘சுதந்திரம்’ என்று பெயர் இருந்தது. அடிமைத்தனத்தின் கூலிக்கு இப்படியொரு பெயர் வாய்த்ததைவிடக் கசப்பான நகை வேறு இல்லை.

கல்வராயன் மலையின் வரலாறும் இதையே வேறொரு வடிவில் சொல்கிறது. பட்டியல் பழங்குடியினரான மலையாளி மக்கள் வாழும் அம்மலை, ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து 1976-இல்தான் விடுபட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே 1976-இல். 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் திருத்தப்பட்டு, குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியதும் அதே ஆண்டில்தான். சட்டம் வந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னும், அம்மலை மக்களின் வாழ்நிலை குறித்து 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுக்க வேண்டியிருந்தது. காகிதத்தில் முடிந்த அடிமைத்தனம் வாழ்க்கையில் தானாக முடிந்துவிடுவதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

களப்பணியாளர்களும் மாணவர்களும் மனத்தில் இருத்த வேண்டிய விதிகள் சில உள்ளன.

முதலாவதாக, பிறந்த சாதியின் பேரில் ஒருவரைப் பறையடிக்கக் கட்டாயப்படுத்துவது அரசமைப்பின் 17, 23 ஆகிய உறுப்புகளுக்கு எதிரானது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் 2(ஜி) பிரிவு, முன்பணக் கடனோடு நின்றுவிடவில்லை. வழக்கம், வாரிசுவழி வரும் கடமை, பிறந்த சாதி ஆகியவற்றின் பேரில் வாங்கப்படும் உழைப்பையும் தன் வரையறைக்குள் கொண்டுவருகிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே தந்து வாங்கும் வேலை கட்டாய உழைப்பே என்று ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது.

இரண்டாவதாக, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஹெச்) பிரிவின்படி, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவரிடம் அப்பிரிவுகளைச் சேராத ஒருவர் கட்டாய உழைப்பு வாங்குவது குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. பறையடிக்க மறுத்த குடும்பத்துக்குக் கடையில் பொருள் தர மறுப்பதும் வயலில் வேலை நிறுத்துவதும் சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பாகும். அது 3(1)(இசட்சி) பிரிவின் கீழ் தனிக்குற்றம். முதல் தகவல் அறிக்கை பதிய முன்விசாரணை தேவையில்லை என்று 2018-இல் சேர்க்கப்பட்ட 18ஏ பிரிவு தெளிவாக்குகிறது. ‘விசாரித்துவிட்டுப் பதிகிறோம்’ என்று காவல் நிலையத்தில் சொன்னால் இந்தப் பிரிவைச் சுட்டுங்கள்.

மூன்றாவதாக, சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலங்களில் பங்கேற்பதையோ அவற்றை நடத்துவதையோ தடுப்பதும் 3(1)(இசட்ஏ) பிரிவின் கீழ் குற்றம்தான். மறுக்கும் உரிமையைக் காக்கும் அதே சட்டம், முழங்கும் உரிமையையும் காக்கிறது. சாவுக்கு அடிக்க மாட்டேன் என்பவரும், என் தெருவிலிருந்து பறை முழங்க ஊர்வலம் போவேன் என்பவரும் ஒரே உரிமையின் மீது நிற்கிறார்கள். கட்டாயத்துக்கும் கலைக்கும் நடுவே உள்ள கோடு, அடிப்பவரின் விருப்பம் ஒன்றுதான்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே கள்ளக்குறிச்சிக்கும் வேண்டும் ஓர் இசைப் பருவம். மாவட்டத் தலைநகரிலும் மலைமேல் வெள்ளிமலையிலும் ஆண்டுதோறும் நடக்கும் மக்களிசை விழாவுக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும். அதில் மலையாளி மக்களின் பாடலும் ஆட்டமும் விருந்தினருக்குக் காட்டும் வேடிக்கையாகக் குறுகிவிடக் கூடாது. என்ன பாடுவது, யார் பாடுவது என்பதை அவர்களே முடிவு செய்ய வேண்டும். கலைஞருக்குரிய ஊதியம் முன்கூட்டியே எழுத்தில் உறுதியாக வேண்டும். பறைக் கலைஞர்கள் அனைவரையும் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சேர்க்கச் சிறப்பு முகாம்கள் தேவை. அரசுப் பள்ளிகளில் பறையை எல்லாச் சாதிக் குழந்தைகளுக்கும் கற்பிக்க வேண்டும். ஒரு சாதியின் குழந்தைகளை மட்டும் அழைத்து அடிக்கச் சொன்னால், பள்ளியே பழைய ஊராகிவிடும்.

அடிப்பதற்கு முன் பறையைத் தீயில் காய்ச்சித் தோலை இறுக்குவார்கள். இடக்கையில் நீண்ட சிண்டுக்குச்சி, வலக்கையில் தடித்த அடிக்குச்சி. இவ்வளவுதான் கருவி. அதை எடுப்பதா, கீழே வைப்பதா என்று அடிப்பவரே முடிவு செய்யும் நாளில் கள்ளக்குறிச்சியின் பருவம் தொடங்கும்.