கிழிந்து உரியும் சட்டை

களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலைக்குள் நுழைந்தால், நெய்யாற்றின்கரை போய்ச் சேரும் வரை மண்ணும் மரமும் மாறுவதில்லை. 1956 நவம்பர் 1 அன்று எல்லை வகுத்தபோது கன்னியாகுமரி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே தங்கியது. ஆனால் வெட்டுக்கல் மதிலும் ரப்பர் விளையும் நாகர் காவும் இரு பக்கமும் ஒன்றுதான். அந்த மதில் இடுக்கில் சாரைப்பாம்பு கழற்றிப் போட்ட சட்டை கிடைத்தால் பொறுமையாகப் பாருங்கள். பெரும்பாலும் உதட்டிலிருந்து வால் நுனி வரை ஒரே துண்டாக இருக்கும். தலைப் பகுதியை வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டு கண்களுக்கும் உரிய வட்ட மூடிகள்கூடத் தெளிவாகத் தெரியும்.

இதே ஊரில், ஏசி ஓடும் அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வளரும் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பின் சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து வரலாம். சன்னலுக்கு வெளியே தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்தாலும் பெட்டிக்குள் வறட்சிதான். ஏசி காற்றிலிருந்து நீரைப் பிழிந்தெடுக்கிறது. பெட்டிக்கு மேலே எரியும் சூட்டு விளக்கோ காற்றைச் சூடாக்குகிறது. உள்ளே இருக்கும் நீராவி அதே அளவுதான் என்றாலும், சூடேறிய காற்றின் ஈரப்பதம் தாழ்ந்துவிடும்.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம்? நம் தோல் நாள்தோறும் கண்ணுக்குத் தெரியாத செதில்களாக உதிர்கிறது. பாம்பு அப்படியல்ல. பழைய மேல்தோலுக்கு அடியில் புதிய மேல்தோல் ஒன்றை முழுதாகக் கட்டி முடித்துவிட்டுத்தான் பழையதைக் கழற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே நிணநீரும் நொதிகளும் ஊறி, ஒட்டிக்கொண்டிருக்கும் அடுக்குகளைப் பிரிக்கின்றன. அந்த நாட்களில் உடல் மங்கும், கண் பால் கலந்த நீலமாகும். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் ஒளி ஊடுருவும் ஒற்றைச் செதில்தான் இருக்கிறது. அதுவும் தோலோடு சேர்ந்து உரிய வேண்டும். பார்வை மங்குவதால் பாம்பு பதுங்கும், இரையை மறுக்கும், தொட்டால் சீறும். பிறகு கண் தெளியும். சில நாள் கழித்து மூக்கைக் கரடான கல்லில் தேய்த்து, உதட்டோரத் தோலைக் கிளப்பி, காலுறையைக் கழற்றுவதுபோல உட்புறம் வெளியே வரத் தவழ்ந்து வெளியேறும். செதில்களுக்கு இடையே மடிந்திருக்கும் தோல் அப்போது விரிவதால், சட்டை எப்போதும் பாம்பைவிட நீளமாக இருக்கும். மதிலில் கிடந்த சட்டையை அளந்து சொல்லப்படும் நீளங்களை அப்படியே நம்ப வேண்டாம்.

நடுவே ஊற வேண்டிய நீர் குறைந்தால் பழைய தோல் புதியதோடு ஒட்டிக் காய்கிறது. அதைக் கண்டதும் பிய்த்தெடுக்கக் கை துடிக்கும். அதுதான் பெரிய கேடு: அடியில் முதிராத தோல் இருந்தால் அதுவும் சேர்ந்து கிழியும். கண்மூடியை நகத்தாலோ இடுக்கியாலோ எடுக்கப்போய்க் கண்ணையே இழந்த பாம்புகள் உண்டு. வால் நுனியில் வளையமாக நின்றுவிட்ட தோலையும் அலட்சியம் செய்யக்கூடாது. அது காயக் காய இறுகி, இரத்த ஓட்டத்தை நிறுத்தி, நுனியை அழுகச் செய்யும்.

மாற்ற வேண்டியது காற்றை. பந்து மலைப்பாம்புக்கு ஏறத்தாழ 60 விழுக்காடு ஈரப்பதம் தேவை. கண் மங்கும் நாட்களில் இன்னும் கொஞ்சம் கூட்டலாம். அதற்கான பொருள் இந்த ஊர்களில் வீட்டு முற்றத்திலேயே கிடைக்கிறது. தேங்காய்க் கதம்பலிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சும் தூளைத்தான் உலகெங்கும் பாம்பு வளர்ப்போர் பெட்டியில் பரப்புகிறார்கள். நீரைப் பிடித்துவைத்து மெல்ல விடும் குணம் அதற்கு. ஆனால் சொதசொதவென்று நனைத்துவிடக்கூடாது. வயிற்றுச் செதில்கள் புண்ணாகும். ஒரு மூலையில் ஈரமான மறைவிடம், உடல் முழுதும் அமிழும்படி ஒரு நீர்த்தொட்டி, உரசிக்கொள்ள ஒரு கரட்டுக் கல் போதும். தோல் ஏற்கெனவே ஒட்டிவிட்டால், வெதுவெதுப்பான நீரை ஆழமில்லாமல் ஊற்றிக் கண்காணிப்போடு ஊறவிட்டு, பிறகு ஈரத்துணிக்கு நடுவே பாம்பைத் தானாகத் தவழ விடலாம். கண்மூடி மட்டும் தங்கினால் ஈரப்பதத்தைக் கூட்டி அடுத்த உரிப்பு வரை காத்திருப்பது நல்லது.

ஈரப்பதம் சரியாக இருந்தும் தோல் மறுபடி மறுபடி கிழிகிறது என்றால் வேறு காரணம் தேட வேண்டும். செதில் இடுக்கில் கரும்புள்ளியாக ஒளியும் உண்ணி, பழைய தழும்பு, சத்துக் குறைவு, உள்நோய் என எதுவாகவும் இருக்கலாம். அது ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரின் வேலை.

இவையெல்லாம் சட்டப்படி வளர்க்கும் வெளிநாட்டுப் பாம்புகளுக்கே. பந்து மலைப்பாம்பு வைத்திருப்போர் மத்திய அரசின் 2024 விதிகளின்படி அதன் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். நம் மண்ணின் பாம்புகளை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அவற்றை வீட்டில் வைத்துக்கொள்ள அனுமதியில்லை. கண் மங்கிய நாகம் முற்றத்தில் சுருண்டு கிடந்தால் தூர நில்லுங்கள். பார்வை மங்கிய நேரத்தில் அது எளிதில் மிரளும். பாறசாலைப் பக்கம் என்றால் கேரள வனத்துறையின் சர்ப்ப செயலியில் பயிற்சி பெற்ற மீட்பாளரின் எண் கிடைக்கும்.