புல்தரைக்கு வந்த விருந்தாளிகள்

டில்லியில் தரைத்தள வீடு வாய்த்தவர்களுக்கு ஒரு கவலையும் கூடவே வரும்: வாசலில் நாலு பாய் விரிக்கும் அளவுக்கு இருக்கும் புல்தரை. மார்கழிக் குளிரில் அருகம்புல் பழுத்து வைக்கோல் நிறமாகிவிடும். அந்த இடைவெளியில் கண்ட செடியும் முளைக்கும்.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் மாலி, "மருந்து அடித்தால் ஒரே வாரத்தில் சுத்தம்" என்றார். குழந்தைகள் வெறுங்காலோடு புரளுகிற இடம். எனக்கு மனம் வரவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் குனிந்து ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்து, "சக்கரவர்த்திக் கீரை அல்லவா இது! இதற்கா மருந்து?" என்றார். கடைத்தெருவில் 'பதுவா' என்று நாம் காசு கொடுத்து வாங்கும் அதே கீரைதான்! அன்று மாலையே பருப்பில் சேர்ந்தது. (தெருநாய் நடமாடும் இடத்திலும், மருந்து தெளித்த இடத்திலும் பறிக்காதீர்கள். அடையாளம் நிச்சயமாகத் தெரிந்தால் மட்டுமே சமைக்கலாம்.)

குளிர்காலக் களைகளில் பெரும்பாலானவை வெயில் ஏறினால் தாமே காய்ந்துவிடும். அதற்குள் அருகு மறுபடி தழைத்துவிடும். மஞ்சள் பூ பூக்கும் புளியாரையும், தரையோடு படரும் சிறுபுள்ளடியும் இருந்துவிட்டுப் போகட்டும். சிறுபுள்ளடி பயறு இனம். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்ப்பது.

கோரை அப்படியல்ல. மேலே பிடுங்கினால் கிழங்கு உள்ளே தங்கி மறுபடி முளைக்கும். மழை பெய்து மண் இளகியதும் குர்பியால் ஆழத் தோண்டிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். அதுவும் ஒரு முறையில் தீராது.

பார்த்தீனியத்துக்கு மட்டும் தயவே கூடாது. இங்கே காஜர் காஸ் என்பார்கள். தோல் அரிப்பு, மூச்சிரைப்பு இரண்டும் தரும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதைக்கும் என்பதால் வெள்ளைப் பூ தலைகாட்டும் முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். இதைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து தருவித்த வண்டை 1984-இல் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் அது இலைகளை அரிக்கிறது. ஆனாலும் செடி ஒழிந்தபாடில்லை.

இன்னொன்று: புல்லை ஒட்ட வெட்டச் சொல்லாதீர்கள். ஒன்றரை அங்குலமாவது நிற்கட்டும். புல்லின் நிழல் விழுந்தாலே பல களை விதைகள் முளைக்காது.

எதிர்வீட்டுக்காரருக்கு இன்னும் திருப்தியில்லை. எங்கள் வாசல் 'ஒரே பச்சையாக' இல்லையாம். பங்குனி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.