சிற்றூர் ஓடுபாதையில் ராணுவ விமானம்

அமெரிக்காவின் ஓக்லஹோமா, டெக்சாஸ், கேன்சஸ் முதலிய சமவெளி மாநிலங்களில், கட்டுப்பாட்டுக் கோபுரமோ பயணிகள் சேவையோ இல்லாமல், ஓர் ஓடுபாதை, இரண்டு மூன்று கொட்டகைகள், ஒரு எரிபொருள் பம்பு என்ற அளவோடு நின்றுவிட்ட சிறு விமானத்தளங்கள் ஏராளம்; வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானங்களும், விடுமுறை நாள்களில் உள்ளூர்க்காரர்கள் ஓட்டும் ஒற்றை எஞ்சின் விமானங்களுமே அங்கு வழக்கமாக வந்துபோகின்றன. அத்தகைய தளத்தின் மேல் ராணுவப் பயிற்சி ஜெட் ஒன்றோ நான்கு எஞ்சின் கொண்ட பெரும் சரக்கு விமானமோ தாழ்வாக வட்டமிடும்போது, ஏதோ விபத்து அல்லது ஏதோ ரகசிய நடவடிக்கை என்று பார்ப்பவர் நினைப்பது இயல்பே. ஆனால் விமானங்களைப் பார்த்துக் குறித்துவைப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள், அதாவது ஸ்பாட்டர்கள் எனப்படுவோர், இவ்வருகைகளில் பெரும்பாலானவற்றுக்கான காரணம் வானத்தில் அன்று, தரையில் கிடக்கிறது என்பதை அறிந்திருப்பதால், தொலைநோக்கியை எடுப்பதற்கு முன்பே ஓடுபாதையின் நீளத்தையும் அதன் பழைய வரலாற்றையும் விசாரித்துக்கொள்கின்றனர்.

இவ்வரலாறு பெரும்பாலும் இரண்டாம் உலகப்போரிலிருந்து தொடங்குகிறது. விமானிகளைப் பெருந்தொகையாகப் பயிற்றுவிக்க வேண்டியிருந்த அக்காலத்தில், நிலம் மலிவாகவும் வானிலை சாதகமாகவும் இருந்த இடங்களிலெல்லாம் அமெரிக்க அரசு ஓடுபாதைகளை அமைத்தது. போர் முடியும் தறுவாயில் 1944இல் இயற்றப்பட்ட உபரிச் சொத்துச் சட்டத்தின் வழியாக அவற்றுள் பல அருகிலிருந்த ஊராட்சிகளுக்கும் மாவட்டங்களுக்கும் கைமாறின. மூவாயிரம் பேர்கூட வாழாத ஊருக்கு ஜெட் இறங்கும் அளவுக்கு ஓடுபாதை கிடைத்த கதை இதுதான். இதனோடு சேர்த்து அறியவேண்டிய மற்றொரு விதி, மத்திய அரசின் மானியத்தால் மேம்படுத்தப்பட்ட பொது விமானத்தளங்களை அரசு விமானங்கள், வரவு மிக அதிகமாகிப் பாதையைத் தேய்க்கும் நிலை ஏற்பட்டாலொழிய, கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது. ஆகவே வந்திறங்கும் ராணுவ விமானி யாருடைய இடத்திலும் அத்துமீறவில்லை.

இவ்வகைத் தளங்களுள் மிக வியப்பானது ஓக்லஹோமாவின் மேற்குப் பகுதியில், பர்ன்ஸ் பிளாட் என்னும் சிற்றூரை ஒட்டிய கிளின்டன்-ஷெர்மன். போர்க்காலத்தில் கடற்படைக்காக அமைக்கப்பட்டு, பின்னர் விமானப்படையின் பி-52 குண்டுவீச்சு விமானங்களுக்காகப் பெரிதாக்கப்பட்ட இத்தளம் 1969இல் மூடப்பட்டது. ஆனால் 13,503 அடி நீளமுள்ள, அதாவது நான்கு கிலோமீட்டரைத் தாண்டுகிற, சென்னை விமான நிலையத்தின் முதன்மைப் பாதையையும் விஞ்சுகிற ஓடுபாதை அப்படியே நின்றுவிட்டது. அங்கிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தெற்கே ஆல்டஸ் விமானப்படைத் தளம் இருக்கிறது. சி-17 சரக்கு விமானங்களையும், வானிலேயே பிற விமானங்களுக்கு எரிபொருள் ஊட்டும் கேசி-135, கேசி-46 டேங்கர்களையும் ஓட்டப் பழகுவோர் பயிலும் இடம் அது. பயிற்சியாளர்கள் நிறைந்த சொந்தத் தளத்தில் வரிசையில் காத்திருப்பதைவிட, வாகன நெரிசல் இல்லாத சாலையில் கார் ஓட்டக் கற்பதைப்போல, ஆளில்லாத நீண்ட பாதை ஒன்றைத் தேடிப் போவதே அவர்களுக்கு எளிது. அங்கு அவர்கள் செய்வது பெரும்பாலும் ‘தொட்டு எழுதல்’ என்னும் பயிற்சி: விமானம் இறங்கிச் சக்கரங்களைத் தரையில் பதிக்கிறது, நிற்காமலேயே எஞ்சின் விசையைக் கூட்டி மீண்டும் மேலெழுகிறது, ஒரு சுற்றுச் சுற்றி மறுபடியும் வருகிறது. கோதுமை வயல்களின் மேல் 50 மீட்டருக்கும் அகலமான இறக்கை கொண்ட விமானம் ஒரே வட்டத்தை ஒரு மணி நேரம் சுற்றுவது புதிதாகக் காண்பவருக்கு மர்மமாகத் தோன்றினாலும், உள்ளே நடப்பது வெறும் பாடம்.

சிறிய பயிற்சி விமானங்களுக்கோ இத்தகைய துணைத்தளங்கள் முறையாகவே ஒதுக்கப்பட்டுள்ளன. ஓக்லஹோமாவின் வான்ஸ் தளத்து மாணவர்கள் கெகல்மன் என்னும் ஒதுக்குப்புறத் தளத்திலும், புளோரிடாவின் வைட்டிங் பீல்டு கடற்படைத் தளத்து மாணவர்கள் அண்டை மாநிலமான அலபாமாவின் எவர்கிரீன் முதலிய புறத்தளங்களிலும் பழகுகின்றனர். இவை தவிர, மாணவரும் ஆசிரியரும் வார இறுதியில் பல மாநிலங்களைத் தாண்டிச் செல்லும் நெடுந்தொலைவுப் பயிற்சிப் பயணங்கள் உண்டு. நடுவில் எங்கு இறங்குவது என்பதை முடிவுசெய்வதில், அரசுடன் எரிபொருள் ஒப்பந்தம் வைத்திருக்கும் விற்பனையாளர் எந்தத் தளத்தில் இருக்கிறார் என்பதே பெரும்பங்கு வகிக்கிறது. அந்த விற்பனையாளர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர்: விமானிகளை ஈர்ப்பதற்காகச் சுடச்சுடப் பிஸ்கட்டும் இலவச மதிய உணவும் வைத்துக் காத்திருப்போர் அவர்களுள் உண்டு. உலகின் மிகப் பெரிய விமானப்படையின் ஜெட் ஒன்று ஒரு சிற்றூரில் இறங்குவதற்கு நல்ல சாப்பாடு காரணமாக இருக்கக்கூடும் என்பதை ரகசியத் திட்டங்களைத் தேடுவோர் ஒப்புக்கொள்ளத் தயங்குகின்றனர்.

இறங்காமல் கடந்துசெல்லும் விமானங்களுக்கும் தடம் உண்டு. அமெரிக்க வான்வரைபடங்களில் ராணுவப் பயிற்சி வழித்தடங்கள் மெல்லிய கோடுகளாகக் குறிக்கப்பட்டுள்ளன. கண்ணால் வெளியைப் பார்த்துப் பறக்கும் தடத்துக்கு ‘விஆர்’ என்றும், கருவிகளை நம்பிப் பறக்கும் தடத்துக்கு ‘ஐஆர்’ என்றும் முன்னெழுத்து இட்டு, அதனுடன் ஓர் எண்ணைச் சேர்க்கின்றனர். எண் நான்கு இலக்கமாயின் தடம் முழுவதும் தரையிலிருந்து 1,500 அடிக்கு மேற்படாது; மூன்று இலக்கமாயின் ஒரு பகுதியாவது அந்த உயரத்தைத் தாண்டும். பொதுவாக 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி இத்தடங்களில் தளர்த்தப்படுவதால், நான்கு இலக்கத் தடம் ஒன்றின் கீழ் வசிப்பவர் விமானத்தைப் பார்ப்பதற்குள் அது போய்விடுகிறது, ஓசை பின்னால் வந்து சேர்கிறது.

ராணுவ விமானி தரையிறங்கும் விதமும் வேறு. சாதாரண விமானி ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் ஒரு செவ்வகத்தை வரைவதுபோலச் சுற்றிவந்து இறங்குகையில், ராணுவ விமானி ஓடுபாதையின் நேர்மேலே வேகமாகப் பறந்துவந்து, சட்டென்று ஒருபக்கம் சாய்ந்து திரும்பி, அத்திருப்பத்திலேயே வேகத்தைக் கரைத்து இறங்குகிறார். போர்க்களத்தில் தாழ்வாகவும் மெதுவாகவும் நெடுநேரம் பறப்பது ஆபத்து என்பதால் வந்த பழக்கம் இது. கோபுரம் இல்லாத தளங்களில் விமானிகள் ஒரு பொது அலைவரிசையில் தத்தம் இருப்பிடத்தைத் தாமே அறிவித்துக்கொள்வதால், அந்த அலைவரிசையைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஸ்பாட்டருக்கு விமானம் தென்படுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே செய்தி கிடைத்துவிடுகிறது.

அடையாளம் காண்பதில் முதலில் உதவுவது நிழலுருவம். இறக்கை உடலின் உச்சியில் பொருந்தி, வால் ‘டி’ எழுத்துப்போல நின்றால் சி-17. இறக்கை தாழ்ந்து, நான்கு எஞ்சின்கள் தொங்கி, வாலடியில் எரிபொருள் குழாய் நீட்டிக்கொண்டிருந்தால் கேசி-135. எஞ்சின் இரண்டே என்றால் கேசி-46. குட்டையான இறக்கையும் ஊசிமூக்கும் உள்ள டி-38 ஒலியைவிட வேகமாகப் பறக்கவல்ல பயிற்சி ஜெட். ஒற்றைச் சுழல்விசிறியுடன் கூடிய டி-6 அதற்கு முந்தைய வகுப்பின் வண்டி. அடுத்து, வாலில் எழுதப்பட்ட எழுத்துகளைப் படிக்க வேண்டும். ‘விஎன்’ என்றால் வான்ஸ் தளம், ‘இஎன்’ என்றால் நேட்டோ நாடுகளின் விமானிகள் கூடிப் பயிலும் டெக்சாஸின் ஷெப்பர்டு தளம். கடற்படையில் ‘இ’ என்ற தனியெழுத்து வைட்டிங் பீல்டைக் காட்டும். விமானப்படையின் வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் விமானம் எந்த நிதியாண்டில் வாங்கப்பட்டது என்பதைச் சொல்வதால், 65 என்று தொடங்கும் டி-38 ஒன்றை ஓட்டும் மாணவரைவிட மட்டுமன்றி, அவருடைய தந்தையைவிடவும் அந்த விமானம் மூத்ததாக இருக்கலாம்.

விமானங்கள் தம் இருப்பிடத்தைத் தாமே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி என்னும் முறை அமெரிக்க வான்வெளியின் பெரும்பகுதியில் 2020 ஜனவரி முதல் கட்டாயமானதிலிருந்து, கைப்பேசித் திரையிலேயே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற எண்ணம் பரவியுள்ளது. அது பாதியே சரி. முக்கியப் பணிகளின்போது ராணுவ விமானங்கள் இந்த ஒலிபரப்பை நிறுத்திவைக்க விதிவிலக்கு உண்டு. ஒலிபரப்பினாலும், அக்குறிப்பலை நேர்கோட்டில் செல்வதால், தாழப் பறக்கும் விமானத்தை ஏற்பிகள் குறைந்த நாட்டுப்புறம் எளிதில் தவறவிடுகிறது. ஆகவே சிறு தளங்களில் காதும் கண்ணும் இன்னும் வேலையிழக்கவில்லை.

எந்தக் கணக்குக்கும் அடங்காத வருகையும் உண்டு. 2012 ஜூலை 20 அன்று புளோரிடாவின் டேம்பா நகரில், மாக்டில் விமானப்படைத் தளத்தில் இறங்கவேண்டிய சி-17 ஒன்று, அதற்குச் சில மைல் வடக்கே ஏறத்தாழ அதே திசையில் அமைந்த பீட்டர் ஓ. நைட் என்னும் சிறு தளத்தைப் படைத்தளம் என்று தவறாக எண்ணி இறங்கிவிட்டது. குட்டை விமானங்களுக்கான அந்த ஓடுபாதையின் நீளம் சுமார் 3,400 அடி. சி-17 இறங்கக் குறைந்தது 3,500 அடி வேண்டும் என்பது அதன் வடிவமைப்புக் கணக்கு. விமானம் பாதையின் விளிம்புக்கு அருகே பத்திரமாக நின்று, அன்று மாலையே அதே குறுகிய பாதையிலிருந்து எழுந்து மாக்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது.